விடியும் முன் சைக்கிளில் கிளம்புவோருக்கு: விளக்கு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

காலை ஆறு மணிக்குத் தோட்டப்புறத்தில் இன்னும் கும்மிருட்டு. பெரட்டுக்குப் போகிறவர்கள், தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள், நாசி லெமாக் கடை திறக்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எனச் சைக்கிளை நம்பியிருப்போர் இன்றும் உண்டு. சிங்கப்பூரில் தங்குவிடுதியிலிருந்து வேலையிடத்துக்குச் சைக்கிளில் செல்லும் தமிழகத் தொழிலாளர்களும் இதில் அடக்கம். இவர்களில் பலரது சைக்கிளில் முன்னால் ஒரு சின்ன விளக்கு இருக்கும். பின்னால் எதுவும் இருக்காது. சிலருக்கு இரண்டு பக்கமும் இருட்டுதான்.

நல்ல விளக்கு என்பது விலை உயர்ந்த விளக்கு அல்ல. எந்தச் சாலை, எத்தனை மணி, எவ்வளவு மழை என்பதைப் பொறுத்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே காலை ஏன் இவ்வளவு இருட்டு?

குளிர்காலம் இல்லாத நாட்டில் காலை இருட்டு ஏன் என்று தோன்றலாம். காரணம் கடிகாரம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கியது. சிங்கப்பூரும் அதே நாளில் மாற்றிக்கொண்டது. கடிகாரம் முன்னால் போனாலும் சூரியன் பழைய நேரத்துக்குத்தான் எழுகிறது. முன்பு ஏழு மணிக்கு விடிந்தது இப்போது ஏழரைக்கு விடிகிறது.

ஆண்டின் எல்லா மாதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஏழு மணிக்குச் சற்று முன்பே சூரியன் தெரியும். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் ஏறக்குறைய ஏழரை மணி ஆகிவிடும். அலோர் ஸ்டாரில் இன்னும் சில நிமிடம் தாமதம். சிங்கப்பூரில் ஏழே கால். சூரியன் எழுவதற்கு ஏறக்குறைய இருபது நிமிடம் முன்புதான் வானம் வெளுக்கும். அதற்கு முன் கிளம்பும் எவரும் இருட்டில்தான் ஓட்டுகிறார்கள்.

இதோடு மழையும் சேர்ந்துகொள்ளும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக்கரை மாநிலங்களைப் போட்டு வாட்டும். மேற்குக்கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை சரியாக வேலை விடும் நேரத்தில் பிடிக்கும். நனைந்த கார்க் கண்ணாடி, அதில் ஆடும் வைப்பர், எதிர்வண்டியின் வெளிச்சம் தெறிக்கும் தார்ச்சாலை. இவற்றுக்கு நடுவே கறுப்புச் சட்டையில் போகும் ஒரு சைக்கிளை ஓட்டுநர் பார்த்தாக வேண்டும்.

விளக்கின் இரண்டு வேலைகள்

சைக்கிள் விளக்குக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, பாதையை நமக்குக் காட்டுவது. மற்றொன்று, நம்மைப் பிறருக்குக் காட்டுவது. டவுனில் தெருவிளக்கு இருப்பதால் முதல் வேலை பாதி முடிந்துவிடும். அங்கே இரண்டாவதுதான் முக்கியம். தோட்டச் சாலையிலும் கம்பத்துச் சாலையிலும் இரண்டுமே வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இதன் அருமை புரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். 30 மீட்டர் தூரத்தில்தான் சைக்கிள் கண்ணில் படுகிறது என்றால், ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டு வினாடிகூட இல்லை. பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை வினாடி போய்விடும். 200 மீட்டரிலேயே சிவப்பு விளக்கு தெரிந்தால் 12 வினாடி கிடைக்கும். வேகத்தைக் குறைத்து, எதிரே வண்டி இருக்கிறதா என்று பார்த்து, விலகிப் போக அது போதுமானது.

முதலில் பின்விளக்கு

கையில் இருக்கும் பணம் ஒரு விளக்குக்குத்தான் போதும் என்றால் முன்விளக்கைத்தான் பலரும் வாங்குவார்கள். தெருவிளக்கு உள்ள இடத்தில் ஓட்டுவோருக்கு அது சரியான முடிவல்ல. முன்னால் வரும் ஆபத்தைக் கண் பார்க்கும், காது கேட்கும், கை பிரேக்கைப் பிடிக்கும். பின்னால் வரும் வண்டிக்கு எதிராகச் சைக்கிள் ஓட்டுகிறவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. அங்கே அவருக்காகப் பேசுவது பின்விளக்கு மட்டுமே.

விளக்கின் வெளிச்ச அளவை லூமன் என்ற அலகால் குறிப்பார்கள். இரவுக்குப் பின்விளக்கு 20 முதல் 50 லூமன் இருந்தால் போதும். மழையிலும் விடிந்தும் விடியாத நேரத்திலும் ஓட்டுவோர் 100 லூமன்வரை கூட்டக்கூடிய விளக்கைப் பார்க்கலாம். பக்கவாட்டிலும் சிவப்பு தெரியும்படி கண்ணாடி வளைந்திருப்பது நல்லது. சந்திப்புகளில் வண்டிகள் பின்னாலிருந்து மட்டும் வருவதில்லை.

மின்னும் விளக்கா, நின்று எரியும் விளக்கா என்ற கேள்வி எப்போதும் எழும். மின்னுவது சீக்கிரம் கண்ணை இழுக்கும். ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை ஓட்டுநரால் சட்டென்று கணிக்க முடியாது. நின்று எரிவதில் அந்தக் கணிப்பு எளிது. ஆகவே இரண்டு சிறிய பின்விளக்குகளைப் போட்டு, ஒன்றை மின்னவிட்டு மற்றதை நிறுத்தி எரியவிடுவது நல்ல வழி. ஒன்று பாதி வழியில் அணைந்தாலும் மற்றது காப்பாற்றும். பின்விளக்கு அணைந்தது முன்னால் உட்கார்ந்து மிதிப்பவருக்குத் தெரியவே தெரியாது என்பதை மறக்கக் கூடாது.

முன்விளக்கு: எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள், பள்ளத்தைக் கண்டு நிற்க உலர்ந்த சாலையில் 13, 14 மீட்டர் ஆகும். மழையில் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் பிரேக் வழுக்கும். அப்போது 20 மீட்டர்வரை ஓடித்தான் நிற்கும். எனவே விளக்கு குறைந்தது 20 மீட்டருக்கு முன்னால் உள்ள குழியை, கிடக்கும் பனைமட்டையை, படுத்திருக்கும் நாயைக் காட்ட வேண்டும்.

தெருவிளக்கு உள்ள டவுன் சாலைக்கு 100 முதல் 200 லூமன் போதும். தெருவிளக்கே இல்லாத செம்பனைத் தோட்டச் சாலை, செம்மண் பாதை என்றால் 300 முதல் 600 லூமன் வேண்டும். அதற்கு மேல் போவதில் தினசரி பயணத்துக்குப் பெரிய பலன் இல்லை. பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

லூமன் எண் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். சாதாரண டார்ச் போல வட்டமாகப் பரவும் விளக்கில் பாதி வெளிச்சம் மரத்துக்கும் வானத்துக்கும் போகும், எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண்ணிலும் அடிக்கும். கண் கூசிய ஓட்டுநர் நேராக நம்மீதே வரக்கூடும். கார் விளக்கைப் போல மேல்பகுதி வெட்டப்பட்டு, வெளிச்சம் சாலையில் மட்டும் விழும் விளக்குகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஜெர்மனியில் சாலைச் சைக்கிளுக்கு இப்படிப்பட்ட விளக்குத்தான் சட்டப்படி வேண்டும். அந்த நாட்டுத் தரத்துக்குச் செய்யப்பட்டவற்றில் குறைந்த லூமனே சாலைக்கு நிறைந்த வெளிச்சம் தரும்.

எந்த விளக்கானாலும் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். சைக்கிளைச் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி விளக்கைப் போட வேண்டும். வெளிச்சத்தின் நடுப்பகுதி, விளக்கு இருக்கும் உயரத்தைவிட ஒரு சாண் தாழ்வாகச் சுவரில் விழுந்தால் சரி. அப்படி வைத்தால் சாலையில் 20 மீட்டர் அளவில் நிலத்தைத் தொடும். எதிரே வருகிறவர் கண்ணிலும் படாது.

முன்விளக்கை இருட்டுச் சாலையில் மின்னும் நிலையில் வைத்து ஓட்டக் கூடாது. எதிரே வருகிறவரைத் திணறடிப்பதோடு, ஓட்டுகிறவருக்கே பள்ளத்தின் ஆழம் தெரியாமல் போகும்.

நெற்றி விளக்கு போதுமா?

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு நெற்றி விளக்கு பழக்கமானது. குளிர்ந்த விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பாலும் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்குவார்கள். அந்தக் காலத்தில் கார்பைட் விளக்கு, இப்போது சார்ஜ் ஏற்றும் எல்இடி. அதே விளக்கோடு சைக்கிளில் ஏறிப் போவதும் வழக்கம்.

மரத்தடியில் அது அருமையான விளக்கு. சாலையில் அது துணை விளக்குதான். தலை திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சமும் திரும்பும், எதிரே வருகிறவரைத் திரும்பிப் பார்த்தால் நேராக அவர் கண்ணில் அடிக்கும். மழையிலும் பனிமூட்டத்திலும் கண்ணுக்கு அருகே இருக்கும் வெளிச்சம் துளிகளில் பட்டு வெள்ளைத் திரை போல மறைக்கும். ஹேண்டில்பாரில் ஒரு விளக்கு நிலையாக இருந்து, நெற்றி விளக்கு வளைவுகளில் உதவினால் சிறப்பு.

பெட்டியில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம்?

இணையச் சந்தையில் மலிவு விலைக்கு 10,000 லூமன் என்று எழுதிய விளக்குகள் குவிந்து கிடக்கின்றன. ஓர் எளிய கணக்கு பொய்யைக் காட்டிக்கொடுக்கும். இன்றைய எல்இடி, ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும். விரல் பருமனுள்ள 18650 வகை லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 9 முதல் 12 வாட்-மணி. அப்படியானால் 500 லூமனில் அது இரண்டு மணி நேரம் சொச்சம் எரியும். ஒற்றைப் பேட்டரி விளக்கு 1,000 லூமனில் பத்து மணி நேரம் எரியும் என்று யார் எழுதினாலும் அது நடக்காத காரியம்.

பேட்டரியின் மேல் எழுதும் எம்ஏஎச் கணக்கிலும் இதே கதை. 18650 அளவில் தரமான நிறுவனங்கள் செய்வது 3,600 எம்ஏஎச் அளவோடு நின்றுவிடும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்காமல் இருப்பதே நல்லது. எண்ணில் பொய் சொல்கிறவர் பாதுகாப்பிலும் மிச்சம் பிடித்திருப்பார். மட்டமான லித்தியம் பேட்டரி வீங்கும், தீயும் பிடிக்கும்.

எரியும் நேரத்தைப் பார்க்கும்போது எந்த நிலையில் என்று கேட்க வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 30 மணி நேரம், பெரும்பாலும் மிகக் குறைந்த மின்னும் நிலைக்கான கணக்கு. போக வர ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு, தேவையான வெளிச்சத்தில் எரிந்தால்தான் அந்த விளக்கு உதவும்.

மழைக்குத் தாங்குமா?

ஐபிஎக்ஸ் என்ற எழுத்தோடு ஓர் எண் பெட்டியில் இருக்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும். ஐபிஎக்ஸ்6 என்றால் வேகமாக அடிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது. நம் ஊர் மழைக்கு ஐபிஎக்ஸ்4 குறைந்த அளவு. கிழக்குக்கரையில் பருவமழையில் ஓட்டுகிறவர்களும், மட்கார்டு இல்லாத சைக்கிள் வைத்திருப்பவர்களும் ஐபிஎக்ஸ்6 பார்த்து வாங்குவது நல்லது. பின்சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர் மழையைவிட மோசம்.

சார்ஜ் போடும் துவாரத்தை மூடும் ரப்பர் மூடிதான் முதலில் கெடும். கடையில் அதைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். தளர்வாக இருந்தால் வேறு விளக்கைப் பார்க்கலாம். மழையில் நனைந்து வந்த விளக்கை ஈரத்தோடு சார்ஜில் போடக் கூடாது. துடைத்து, காயவிட்டுப் பிறகுதான் போட வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைப்பதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

சார்ஜ், உலர் பேட்டரி, டைனமோ

தினமும் கைப்பேசிக்குச் சார்ஜ் போடும் வீட்டில் சார்ஜ் விளக்கு சுலபமானது. நாள் தவறாமல் போட வேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை. மறக்கிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சாதாரண உலர் பேட்டரி போடும் பின்விளக்கு தோதுப்படும். எந்த மளிகைக் கடையிலும் பேட்டரி கிடைக்கும், பல வாரம் ஓடும்.

பழைய சைக்கிள்களில் டயரின் பக்கத்தில் உரசி ஓடும் டைனமோ பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 6 வோல்ட், 3 வாட் அதன் அளவு. அதில் மூன்று குறைகள் இருந்தன. மிதிக்கக் கனக்கும், மழையில் டயர் வழுக்கி வெளிச்சம் போகும், சந்திப்பில் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். இன்று முன்சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே டைனமோ வைத்த சைக்கிள்கள் உள்ளன. மழை அதைப் பாதிக்காது, நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் விளக்குகளும் அதோடு வருகின்றன. விலை அதிகம். ஆனால் தினமும் இருட்டில் நெடுந்தூரம் போகிறவருக்குச் சார்ஜ் கவலையே இல்லை.

மாட்டும் இடம்

நல்ல விளக்கை வாங்கி, அதைப் பையால் மறைத்துக்கொண்டு போவோர் ஏராளம். சீட்டுக்கு அடியில் மாட்டிய பின்விளக்கை நீளமான மழைக்கோட்டு மூடிவிடும். கேரியரில் வைத்த சாப்பாட்டுப் பை, சந்தைச் சாமான், பிள்ளையின் புத்தகப் பை எல்லாம் மறைக்கும். கேரியரில் சுமை ஏற்றுகிறவர்கள் பின்விளக்கைக் கேரியரின் கடைசி முனையில் அல்லது மட்கார்டில் மாட்ட வேண்டும். முன்னால் கூடை உள்ள சைக்கிளில் விளக்கு கூடைக்கு முன்னால் இருக்க வேண்டும்.

புறப்படும் முன் வேறொருவரைப் பின்னால் பத்து அடி தள்ளி நின்று பார்க்கச் சொல்வதே சரியான சோதனை. மழைக்கோட்டோடும் சுமையோடும் ஏறி உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும்.

ஒளிரும் பட்டை: குறைந்த செலவு, நிறைந்த பலன்

பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் வெள்ளை, பெடலில் மஞ்சள். புதுச் சைக்கிளோடு வரும் இவற்றை அழகுக்காகக் கழற்றிப்போடும் பழக்கத்தை விட வேண்டும். பெடலில் உள்ளது மேலும் கீழும் ஆடுவதால், அது சைக்கிள் என்று ஓட்டுநரின் கண் உடனே புரிந்துகொள்ளும். கணுக்காலில் கட்டும் ஒளிரும் பட்டைக்கும் அதே குணம். பழைய ராலே சைக்கிளின் பின் மட்கார்டு முனையில் வெள்ளைப் பட்டை இருந்ததும் இதற்காகத்தான்.

ஒட்டும் ரிஃப்ளெக்டர் டேப்பை ஹார்ட்வேர் கடையில் வாங்கி மட்கார்டு, ஃபிரேம், ஹெல்மெட், புத்தகப் பை எல்லாவற்றிலும் ஒட்டலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வண்டி வெளிச்சம் நேராக மேலே பட்டால்தான் ரிஃப்ளெக்டர் ஒளிரும். சந்துக்குள்ளிருந்து வெளியே வரும் காருக்கும், விளக்குப் போட மறந்து வரும் மோட்டார் சைக்கிளுக்கும் அது தெரியாது. ஆகவே அது விளக்குக்குத் துணையே, மாற்று அல்ல.

சட்டம் சொல்வது

இருட்டில் சைக்கிளுக்கு விளக்கு வேண்டும் என்பது இரு நாட்டிலும் சட்டம். சிங்கப்பூரில் இருட்டு நேரத்தில் முன்னால் வெள்ளை விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கு அல்லது சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்க வேண்டும். மலேசியாவில் விளக்கில்லாமல் இரவில் போன சைக்கிளைப் போலீஸ் நிறுத்திய காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது கெடுபிடி குறைந்ததால் விதி போய்விட்டது என்று எண்ண வேண்டாம். நிறத்தையும் மாற்றக் கூடாது. பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தால், சைக்கிள் எதிரே வருகிறது என்று ஓட்டுநர் தவறாக எண்ணிவிடுவார்.

2017 பிப்ரவரி 18 அன்று விடியற்காலை ஜொகூர் பாருவில் சைக்கிள்களில் இருந்த எட்டுச் சிறுவர்கள் கார் மோதி உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. அந்த வழக்கு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. இருட்டுச் சாலையில் பிள்ளைகள் எந்த நேரத்தில், எப்படிப்பட்ட சைக்கிளில் இருக்கிறார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு

பிள்ளையின் சைக்கிள் விளக்கைப் பெற்றோரே பார்த்துக்கொள்ள வேண்டும். சைக்கிளோடு நிரந்தரமாகத் திருகி மாட்டிய பின்விளக்கு நல்லது. கழற்றும் வகையென்றால் தொலைந்துபோகும், அல்லது திருடுபோகும் என்று பையிலேயே கிடக்கும். புத்தகப் பையின் பின்புறம் ஒரு சின்ன மின்னும் விளக்கும் ஒளிரும் பட்டையும் இருந்தால், சைக்கிளை உருட்டிக்கொண்டு சாலையைக் கடக்கும்போதும் பிள்ளை தெரியும்.

ஞாயிறு மாலை பத்து நிமிடம்

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மாலை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு விளக்குக்கும் சார்ஜ் போட வேண்டும். கண்ணாடியில் படிந்த சேற்றை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஏனென்றால் சேறு பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஸ்குருவை முறுக்கி, சாய்வைச் சுவரில் சரிபார்த்து, பிரேக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். வீங்கிய பேட்டரி இருந்தால் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

வீட்டில் உள்ள எல்லாச் சைக்கிளையும் அன்றே வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டால் திங்கட்கிழமைக் காலை ஐந்தரை மணிக்கு இருட்டில் தடவ வேண்டியதில்லை. பட்டனை அழுத்தி, பின்னால் சிவப்பு எரிகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.